முகூர்த்தம் காத்திருக்காது: தானாகக் கற்றுப் புகைப்படத் தொழிலுக்கு வருபவர்களுக்கு

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் விடியற்காலையிலேயே கூட்டம் கூடிவிடும். தேவநாத சுவாமி கோயிலையும் ஔஷதகிரி மலையையும் சுற்றி ஒரே காலையில் ஏராளமான திருமணங்கள் நடக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கேமராவாவது இருக்கும். ஒரு பக்கம் நாதஸ்வரம், இன்னொரு பக்கம் அடுத்த வீட்டார் இடத்துக்காகக் காத்து நிற்கும் அவசரம். மூன்று முடிச்சு போடச் சில விநாடிகள் போதும். அந்த விநாடிகளில் படம் இருண்டுபோனாலும், ஃபோகஸ் பின்னால் நிற்கும் அத்தையின் மீது விழுந்தாலும், இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது.

புகைப்படத் தொழில் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன். அழகான படம் ஒன்று யாருக்கும் எப்போதாவது அமைந்துவிடும். வாடிக்கையாளர் பணம் கொடுப்பது உறுதிக்காக. எந்த வெளிச்சத்திலும், எந்த நெருக்கடியிலும், சொன்ன தேதியில், குறையில்லாத படம் கைக்கு வரும் என்ற உறுதி. தானாகக் கற்பவர் பயிற்சி, கருவி, கூலி, ஒப்பந்தம் எல்லாவற்றையும் இந்த ஒரு கோணத்திலிருந்து பார்த்தால் எதை முதலில் கற்பது, எதைத் தள்ளிப்போடுவது என்பது தெளிந்துவிடும்.

கல்லூரிக்குப் போகாதது பெரிய குறை இல்லை. தேவையான பாடங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படத்தைத் திருத்த டார்க்டேபிள், வீடியோவைத் தொகுக்க டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு என்று மென்பொருளுக்கும் செலவில்லை. கல்லூரி தருவதில் நமக்குக் கிடைக்காதது வேறு: அடுத்த வாரத்துக்குள் இதைச் செய்து வா என்று பயிற்சி வைக்கும் ஆசிரியர். அந்தப் பயிற்சியை நாமே நமக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில் ஒளியை எண்ணத் தெரிய வேண்டும்.

கேமராவுக்குள் விழும் ஒளியை இரண்டு திருகுகள் தீர்மானிக்கின்றன: அபெர்ச்சர் எனப்படும் லென்ஸின் திறப்பு, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். மூன்றாவதான ஐஎஸ்ஓ, விழுந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதைக் குறிக்கிறது. இந்த மூன்றையும் ஒரே அளவுகோலால் எண்ணலாம். அந்த அளவுகோலின் பெயர் ஸ்டாப். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரண்டு மடங்கு. ஒரு ஸ்டாப் குறைந்தால் பாதி. ஷட்டர் 1/100 விநாடியிலிருந்து 1/50-க்கு வந்தால் ஒரு ஸ்டாப் கூடுகிறது. ஐஎஸ்ஓ 400-லிருந்து 800-க்குப் போனாலும் அதே ஒரு ஸ்டாப்தான்.

அபெர்ச்சர் எண்கள்தான் புதியவர்களைக் குழப்பும். எஃப் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று வரும்போது எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைகிறது. காரணம் எளிது. அந்த எண், லென்ஸின் குவிய நீளத்தை எதனால் வகுக்கிறோம் என்பதைச் சொல்கிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் திறப்பின் விட்டம் 25 மில்லிமீட்டர். எஃப் 4 என்றால் 12.5. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகும். ஆகவே எஃப் 2-க்கும் 4-க்கும் இடையே இரண்டு ஸ்டாப், நடுவில் நிற்பது 2.8.

இதைப் புதுச்சேரியில் வைத்துப் பார்ப்போம். நண்பகல் வெயிலில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே நிற்கிறீர்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100, அபெர்ச்சர் எஃப் 16. பளிச்சென்ற வெயிலுக்கு உலகெங்கும் பொருந்தும் பழைய கணக்கு இது. அதே ஒளியை எஃப் 8, 1/400 என்றும் எடுக்கலாம்: திறப்பில் இரண்டு ஸ்டாப் கூட்டி, நேரத்தில் இரண்டு ஸ்டாப் குறைத்துவிட்டோம். பின் ஒரு திருமண மண்டபத்துக்குள் நுழைகிறீர்கள். அங்கே ஐஎஸ்ஓ 1600, 1/100, எஃப் 2.8 தேவைப்படலாம். எஃப் 16-லிருந்து 2.8 வரை ஐந்து ஸ்டாப், ஐஎஸ்ஓவில் நான்கு. மொத்தம் ஒன்பது. இரண்டை ஒன்பது முறை பெருக்கினால் 512. வெளியே இருந்த ஒளியில் 512-இல் ஒரு பங்குதான் மண்டபத்துக்குள் இருக்கிறது. நம் கண் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதால் நமக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. கண் சொல்வதை நம்பாமல் ஸ்டாப்பை எண்ணப் பழகியவர், மண்டப வாசலைக் கடக்கும்போதே விரலால் திருகுகளை மாற்றிவிடுவார். கேமராவைத் தானியங்கி முறையிலிருந்து எடுத்து, முழுவதும் கையால் இயக்கச் சில மாதங்கள் பழகச் சொல்வது இதற்காகத்தான். பழகிய பிறகு தானியங்கி முறையைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. அது எங்கே ஏமாறும் என்பது அதற்குள் தெரிந்திருக்கும்.

அது ஏமாறும் முக்கியமான இடம் ஒன்று நம் திருமணங்களில் எப்போதும் உண்டு. கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு அளக்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை நின்றால், அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். விளைவு, முகம் இருண்டுவிடும். ஒரு ஸ்டாப் அளவுக்குக் கூட்டினால் வேட்டியும் வெள்ளையாகும், முகமும் தெளியும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு கணினியில் முகத்தை மட்டும் வெளுக்க வைக்கும் பழக்கம் பல ஆல்பங்களில் தெரிகிறது. நம் ஊர் மனிதர்களின் கறுப்பும் மாநிறமும் சரியான ஒளியில் எவ்வளவு பொலிவாக இருக்கும் என்பதைக் காட்டுவது புகைப்படக்காரரின் கடமை என்றே நினைக்கிறேன். மணமக்களின் நிறத்தை மாற்றித் தருவதை நான் வேலையாகவே மதிப்பதில்லை.

வீடியோவுக்கு வரும்போது ஷட்டருக்கு இன்னொரு விதி சேர்கிறது. இணையப் பாடங்களை மட்டும் நம்பிக் கற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. நாம் பார்க்கும் அமெரிக்கப் பாடங்களோ 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் எடுக்கப்பட்டவை. அவர்கள் சொல்லும், விநாடிக்கு 30 ஃபிரேம் (தனிப்படம்), 1/60 ஷட்டர் என்ற அமைப்பை அப்படியே நம் மண்டபத்தில் வைத்தால், படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். அல்லது முழுக்காட்சியும் துடிக்கும். பதிவு முடிந்த பிறகு இதைச் சரிசெய்வது மிகக் கடினம். நமக்குப் பொருந்துவது விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. கேமரா மெனுவில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று இரண்டு வீடியோ முறைகள் இருந்தால் PAL முறையைத் தேர்ந்தெடுங்கள். 50 ஃபிரேமில் எடுத்தால் 1/100 வையுங்கள்.

புகைப்படத்துக்கும் இது பொருந்தும். அத்தகைய விளக்கொளியில் 1/500-இல் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரக்கூடும். 1/100 வைத்தால் விளக்கின் ஒரு முழுத் துடிப்பு உள்ளே விழுந்துவிடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை மண்டப விளக்கில் தவிர்ப்பது நல்லது. மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரைகள் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்படாமல் தங்களுக்கென ஒரு வேகத்தில் துடிப்பவை. அவற்றுக்குப் பொதுவான விதி கிடையாது. முன்தினம் வரவேற்புக்கு அலங்காரம் முடிந்ததும் அரை நிமிடம் பதிவுசெய்து, பெரிய திரையில் ஓட்டிப் பார்ப்பதே வழி.

நிறத்தில் இன்னொரு சிக்கல். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் அளக்கிறோம். பழைய ஹாலோஜன் ஒளி 3200 கெல்வின் அளவில் மஞ்சளாக இருக்கும். பகல் வெயில் சுமார் 5500. கண்ணுக்கு இரண்டும் வெள்ளையாகத் தோன்றும். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதித் தெருக்களில் இது வேறு விதமாக வரும். அங்குள்ள கடுகு மஞ்சள் சுவரில் வெயில் பட்டால் சுவரே ஒரு பெரிய மஞ்சள் விளக்காகிவிடும். மணப்பெண்ணைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் கன்னத்தில் மஞ்சள் ஏறும். சில அடிகள் தள்ளி நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். வேட்டியைப் பார்த்து கேமராவின் வெள்ளைச் சமநிலையைச் (ஒயிட் பேலன்ஸ்) சரிசெய்வது எல்லோரும் செய்வது. ஆனால் வெளுப்பூட்டிய துணியில் சிறிது நீலம் கலந்திருக்கும். சாம்பல் அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் நம்பலாம். படங்களை ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே, சேமித்தால் நிறத்தைப் பிறகும் மாற்ற இடமுண்டு. வழக்கமான ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை மட்டுமே வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பில் 16,384.

பயிற்சி எப்படி? ஒரே லென்ஸ், ஒரே இடம், வெவ்வேறு நேரம். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்து நிற்பவரின் முகத்தில் நேரடி வெயில் விழும். கடலுக்கு முதுகு காட்டினால் விளிம்பில் ஒளி வரும், முகம் இருளும். மாலையில் கதிரவன் ஊருக்குப் பின்னால் போய்விடும். அப்போது கடல் பக்கம் திரும்பிய முகத்தில், திறந்த வானத்தின் மென்மையான ஒளி நிழலே இல்லாமல் படரும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் அப்படியே. கடலில் அஸ்தமனம் கேட்டு வரும் ஜோடிகளுக்கு அதைத் தர முடியாது. ஆனால் அந்த மாலை ஒளியில் முகங்களை எடுத்துக் கொடுத்தால் அவர்களே மறந்துவிடுவார்கள். இந்த ஒளியின் வருகையையும் போக்கையும் மாதந்தோறும் குறித்து வைத்திருப்பவருக்கு, வெளியூரிலிருந்து விலை உயர்ந்த கேமராவுடன் வருபவரைவிட இங்கே மதிப்பு அதிகம்.

கடலூர் துறைமுகத்தின் காலை நேர மீன் ஏலத்தில் அசையும் மனிதர்களைப் படம் எடுக்கப் பழகலாம். ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். மாசி மகத்தன்று சுவாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும்போது கூட்டத்துக்குள் இடம் பிடிக்கக் கற்கலாம். சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலியில், ஆடும் பாதத்தை உறைய வைக்க 1/500 போதுமா என்று மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் கெட்டுப்போன படங்களை உடனே அழிக்காதீர்கள். அவற்றில் பதிந்துள்ள ஷட்டர், அபெர்ச்சர் எண்களைப் பார்த்தால் என்ன தவறு என்பது அங்கேயே எழுதியிருக்கும்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து, பல ஆண்டுகளாகப் புகைப்படத்துக்கு இடம் கொடுக்காதிருந்த ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். இரண்டாவது வாய்ப்பு என்பதே அங்கு இல்லை. பெரிய கலைஞருக்கும் சிறிய ஊர்த் திருமணப் படக்காரருக்கும் பொதுவான நிபந்தனை அது.

வீடியோவில் படத்தைவிட ஒலிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். காட்சி கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். கேமராவில் உள்ள மைக்கை நம்பக் கூடாது. சட்டையில் குத்தும் சிறிய மைக், கடற்காற்றுக்கு அதன் மேல் ரோம உறை, காதில் ஹெட்போன்: இவை இரண்டாவது லென்ஸுக்கு முன்பே வாங்க வேண்டியவை. கேமராவின் ஒலி மீட்டரில் (அதன் உச்சம் பூஜ்யம்) பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். கெட்டிமேளம் தொடங்கும் நொடியில் தவில் எல்லா அளவையும் தாண்டிவிடும். உச்சத்தைத் தொட்டுச் சிதைந்த ஒலியைப் பிறகு மீட்க முடியாது. ஆகவே முகூர்த்தத்துக்கு முன்பே அளவைத் தணித்து வையுங்கள்.

பதிவானதைப் பாதுகாப்பதும் உறுதியின் ஒரு பகுதி. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகும். இரண்டு கேமராக்கள், நான்கு மணி நேரம் என்றால் 360. இதற்கு மெமரி கார்டும் ஹார்டு டிஸ்க்கும் முன்கூட்டியே கணக்கில் இருக்க வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 என்ற விதியைப் பின்பற்றுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புகள், ஒன்று வேறொரு ஊரிலோ வேறொரு வீட்டிலோ. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பகுதியில் வாழ்கிறோம். வேறிடத்தில் ஒரு பிரதி வைப்பதன் தேவையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோப்புகளுக்குத் தேதியும் இடமும் சேர்த்துப் பெயரிடுங்கள். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களைக் கோயில் கோயிலாகப் படமெடுத்துச் சேர்த்த தொகுப்பு, லட்சம் படங்களைத் தாண்டியது. எந்தக் கோயில், எந்தச் சிற்பம் என்ற குறிப்பு இருப்பதால்தான் இன்றும் ஆய்வாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

கடற்கரை ஊரில் கருவிக்கு இரண்டு எதிரிகள்: உப்பும் ஈரமும். கடற்கரையிலிருந்து திரும்பியதும் மென்மையான ஈரத்துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைத்தால் பூஞ்சை வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்தாலே போதும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போது கண்ணாடியில் பனி படியும். அரை மணி நேரம் பையை மூடியபடியே வெளியில் வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

இனி பணம். கூலி நிர்ணயிக்கும்போது பலர் படம் எடுக்கும் நாளை மட்டும் எண்ணுகிறார்கள். இரண்டு நாள் திருமணத்துக்குப் பின்னால் தேர்வும் திருத்தமும் தொகுப்புமாக ஒரு வாரம் போகும். கருவியின் தேய்மானமும் உண்டு. ரூ.1,50,000 கொடுத்து வாங்கிய கேமராவின் ஷட்டர் 1,50,000 முறை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளிக்குக்கு ஒரு ரூபாய். ஒரு திருமணத்தில் 3,000 படங்கள் எடுத்தால் கேமரா மட்டும் ரூ.3,000 தேய்ந்திருக்கிறது. இதைச் சேர்க்காமல் விலையைக் குறைத்துப் போட்டியிடுபவர் அடுத்த கேமராவை வட்டிக்கு வாங்கித்தான் தொழிலைத் தொடர வேண்டியிருக்கும்.

தொடக்கத்தில் சொந்தமாக ஒரு திருமணத்தை ஏற்காதீர்கள். ஊரில் நல்ல பெயரெடுத்த ஸ்டுடியோவில் அண்ணன்களுடன் இரண்டாவது கேமராவாகப் போங்கள். முகூர்த்தத்தின் பொறுப்பு அவர்களுடையது. நீங்கள் விருந்தினர் முகங்களையும் சடங்குகளின் ஓரங்களையும் எடுத்துப் பழகலாம். எந்தச் சடங்கு எப்போது வரும், யார் எங்கே நிற்பார்கள், எந்தச் சொந்தக்காரரை விட்டால் சண்டை வரும் என்பதெல்லாம் எந்தப் பாடத்திலும் வராது. திருமணம் ஒன்றுதான் வழி என்றும் நினைக்க வேண்டாம். பண்ருட்டி முந்திரி வியாபாரிக்குப் பொருட்படம் வேண்டும். புதுச்சேரியின் தங்கும் விடுதிக்கு அறைப் படங்கள் வேண்டும். சிப்காட் தொழிற்சாலைக்குப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ வேண்டும். இவை முகூர்த்தமில்லாத மாதங்களிலும் வருமானம் தருபவை.

ட்ரோன் வாங்கும் முன் ஒரு வார்த்தை. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு உட்பட்டவற்றுக்கு ட்ரோன் இயக்குபவருக்கான சான்றிதழ் தேவையில்லை. இரண்டு கிலோ வரையிலானவற்றுக்கு, வணிக நோக்கமில்லாவிட்டால்தான் அந்த விலக்கு உண்டு. கூலி வாங்கிக்கொண்டு திருமணத்தை எடுப்பது வணிகம். பறக்கும் இடம் தடைசெய்யப்பட்டதா என்பதை வரைபடத்தில் முன்பே பாருங்கள்.

ஒப்பந்தம் எழுதுவது நம் ஊரில் சங்கடமான காரியம். தெரிந்தவர் வழியாக வேலை வரும். தாளை நீட்டினால் நம்பவில்லையா என்பார்கள். அப்படியும் ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை கேமரா, முன்பணம் எவ்வளவு, ஆல்பம் எந்தத் தேதியில், தேதி மாறினால் என்ன, எத்தனை திருத்தங்கள். மறக்கக் கூடாத வரி இன்னொன்று: உரிமை யாருக்கு? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கும் திரைப்பதிவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. நீங்கள் எடுத்த படத்தை உங்கள் விளம்பரத்தில் போட வேண்டுமானால் அதற்கான ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். மணப்பெண் வேண்டாம் என்றால், சட்டம் எப்படி இருந்தாலும், போடக் கூடாது என்பது என் கருத்து. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் ரசீது புத்தகத்தை முதல் வேலையிலிருந்தே எழுதுங்கள். வங்கியில் கடன் கேட்கும்போது உதவும்.

வேலை கேட்டுப் போகும்போது காட்டும் தொகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்துத் திருமணங்களிலிருந்து பொறுக்கிய பத்துப் படங்களைக் காட்டுவதே வழக்கம். பெண் வீட்டார் அனுபவமுள்ளவர்களாக இருந்தால் அதைப் பார்த்துத் திருப்தி அடைய மாட்டார்கள். அனுமதி பெற்ற ஒரே திருமணத்தின் படங்களை, நலங்கு முதல் விருந்து வரை, இருட்டு மண்டபமும் மதிய வெயிலும் சேர்த்து, வரிசையாக நாற்பது ஐம்பது காட்டுங்கள். அவற்றில் தாலி கட்டும் படம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார்கள்.